பரிசாக வந்த பதினோரு பேர்

மார்ஃபா தெரென்தியெவ்னா வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். குழாயைத் திருகினால் வெந்நீர் வர வேண்டும். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் யாரும் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற ஸ்லீப்பர் கட்டையைத் தோளில் வைத்துப் பார்த்தவர்கள் இல்லை. கட்டை மக்காமல் இருக்க அதைக் கறுப்பு எண்ணெயில் ஊறப்போட்டிருப்பார்கள். அந்த எண்ணெய் சட்டையைத் தாண்டித் தோலுக்குள் இறங்கும். வெயில் பட்டால் எரியும். பச்சைத் தண்ணீரில் தேய்த்தால் தோல் போகுமே தவிர எண்ணெய் போகாது.

1943-இல் அவளுக்கு இருபது வயது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள், ரயில் ஓடியாக வேண்டும். போர் முடிகிற வரைக்கும் பெண்கள் பாதை வேலையைப் பார்க்கட்டும் என்றார்கள். போர் முடிந்தது. அவள் புருஷன் திரும்பவில்லை. திரும்பி வந்த ஆண்களில் சிலர் எஞ்சினுக்குப் போனார்கள், சிலர் மேசை நாற்காலிக்குப் போனார்கள். பெண்கள் மட்டும் கட்டைக்கு அடியிலேயே இருந்தார்கள். "முடிகிற வரைக்கும்" என்று சொன்னவர்கள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

வோல்கா கரையில் இருக்கும் சரெச்னயா நிலையத்தின் பாதைக் கோஷ்டியில் பதினாலு பெண்கள், ஒரு ஆண். அந்த ஆண் மேஸ்திரி. பெயர் யெவ்சேய். பெண்கள் இருவர் இருவராகக் கட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்க, அவன் கையில் அளவுகோலையும் வாயில் விசிலையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் நடப்பான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு தடவைகூட, சும்மா ஒரு பேச்சுக்காகக்கூட, ஒரு முனையைப் பிடித்ததில்லை. பாதை அலுவலகக் கொட்டகையில் கட்டை தூக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. 1969-இல் வந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். அதன் பிறகு அதை ஓட்ட ஆள் போடவில்லை, உதிரி பாகம் வரவில்லை, கொட்டகைக்குப் பூட்டு மட்டும் ஒழுங்காக வந்தது. பெண்கள் இருக்கும்போது இயந்திரத்துக்கு என்ன அவசரம்?

மார்ஃபா ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. கோபம் வந்தால் வண்டை வண்டையாகத் திட்டுவாள். ஒரு தடவை கையுறையைக் கழற்றி யெவ்சேயின் முகத்தில் அடித்திருக்கிறாள், கால் நசுங்கிய பெண்ணை மருத்துவமனைக்கு அனுப்பாமல் நேரம் பார்த்துக்கொண்டு நின்றதற்காக. மற்றபடி ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போட்டதில்லை. தண்டவாளத்தை ஒட்டி ஒரு மரக்கொட்டடி, அதில் ஓர் அறை, ஓர் அடுப்பு. அதுதான் அவள் வீடு. தண்ணீர் தெருமுனை அடிகுழாயில். ஜனவரியில் அடிகுழாய் உறைந்துவிட்டால் கடப்பாரையால் பனியை உடைத்துக் கொண்டுவந்து உருக்குவாள். அதைச் சூடாக்கி, ஒரு பேசினில் ஊற்றி, பக்கத்து அறை லூஷாவைக் கூப்பிட்டு முதுகைத் தேய்க்கச் சொல்வாள். பிறகு இவள் லூஷாவுக்குத் தேய்ப்பாள். இரண்டு பேரும் ஒரே கட்டையின் இரண்டு முனைகள். இருபத்தாறு வருடமாக.

1960-இல் வீட்டு வரிசையில் பெயர் எழுதினாள். நூற்றுப் பன்னிரண்டாவது ஆள். வருடத்துக்கு ஐந்து பேர், ஏழு பேர் என்று வரிசை நகர்ந்தது. 1978-இல் அவள் நாலாவது இடத்துக்கு வந்தபோது, நிலையத்துக்குப் பின்னால் ரயில்வே ஆட்களுக்கென்று ஐந்து மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. நாற்பது வீடு. ஒவ்வொன்றிலும் குளியலறை. வேலை முடிந்து திரும்பும்போது மார்ஃபா அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவாள். குழாய்களை வண்டியிலிருந்து இறக்குவதை நின்று பார்ப்பாள்.

"போதும்டி, கண்ணு வெச்சே குழாயைத் துருப்பிடிக்க வெச்சிடுவே" என்று லூஷா இழுத்துக்கொண்டு போவாள்.

செப்டம்பரில் பாதை அலுவலகத் தலைவர் சுபாரெவ் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். தொழிற்சங்கக் குழுத் தலைவி கபித்தலீனா அர்க்காதியெவ்னாவும் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு அம்பத்தஞ்சு ஆயிடுச்சு மார்ஃபா. ஓய்வுக்கு எழுதிக் குடுத்துடு. ராணி மாதிரி வழியனுப்பி வெக்கிறோம்" என்றார் சுபாரெவ்.

"வீடு கைக்கு வந்ததும் எழுதித் தர்றேன் தலைவரே. டிசம்பர்ல கட்டடம் முடிஞ்சிடும்னாங்க."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? உன் இடம் உன் இடம்தான். நான் வாக்குக் குடுக்குறேன். போதாதா?"

"நானும் குடுக்குறேன், மார்ஃபா தெரென்தியெவ்னா. சங்கம் இருக்கும்போது உங்களுக்கு என்ன பயம்?" என்றாள் கபித்தலீனா.

மார்ஃபா எழுதிக் கொடுத்தாள். விஷயம் தெரிந்ததும் லூஷா தலையில் அடித்துக்கொண்டாள். "எழுத்துல வாங்கினியா? வாங்கலையா? அடிப் பாவி, அவங்க வாக்கைப் பேசின்ல ஊத்தி முதுகு தேய்க்கப் போறியா?"

அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு வழியனுப்பு விழா. அலுவலகக் கூடத்தில் நீள மேசை போட்டு, உப்பு மீன், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் அடைத்த அப்பம், அதிகாரிகள் பக்கம் மட்டும் கொன்யாக் பிராந்தி என்று பரப்பியிருந்தார்கள். சுபாரெவ் ஒரு தாளைப் பார்த்துப் பேசினார். இரண்டு இடத்தில் மார்ஃபாவின் தகப்பன் பெயரைத் தப்பாகச் சொன்னார். அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வீட்டு உத்தரவை அன்றைக்கே உறையில் போட்டுத் தரப்போகிறார்கள் என்று யாரோ காதில் போட்டிருந்தார்கள். அவள் கண் சுபாரெவின் கோட்டுப் பையிலேயே இருந்தது.

உறை வரவில்லை. பழுப்புக் காகிதம் சுற்றிய, கதவில் பாதி இருக்கும் ஒரு சாமான் வந்தது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கபித்தலீனா தானே கயிற்றை வெட்டிக் காகிதத்தைப் பிரித்தாள்.

பொன்நிறச் சட்டம். கண்ணாடிக்குப் பின்னால் நல்ல தடித்த தாளில், அசல் ஓவியமோ என்று மயங்கும்படி அச்சடித்த படம். நாட்டில் பள்ளிக்கூடம் போன அத்தனை பேருக்கும் தெரிந்த படம்தான், வோல்கா படகிழுப்பவர்கள். ஜார் காலத்து ஆற்று மணல், கொளுத்துகிற வெயில், மார்பில் தோல்பட்டை மாட்டிய பதினோரு பேர், பின்னால் அவர்கள் இழுக்கிற படகு. சட்டத்தின் கீழே பித்தளைத் தகடு. அதில் இப்படி வெட்டியிருந்தது: "மா. தெ. லுக்கோனினாவுக்கு, முப்பத்தைந்து ஆண்டு நேர்மையான உழைப்பைப் பாராட்டி, தொழிற்சங்கக் குழு."

பதினாலு பெண்களும் படத்தைப் பார்த்தார்கள், பிறகு ஒருவர் தோளை ஒருவர் பார்த்தார்கள்.

"எல்லாரும் இருக்காங்க. நம்ம யெவ்சேயை மட்டும் காணோமே!" என்றாள் லூஷா.

வெடித்தது சிரிப்பு. சிரித்த பெண்களில் இரண்டு பேர் அழுதுகொண்டிருந்தார்கள். யெவ்சேய் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். கபித்தலீனாவுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதுதான் இதில் எல்லாவற்றையும்விட வயிற்றெரிச்சல். கடையில் மூன்று படம் இருந்ததாம். காட்டுக் கரடிகள் ஒன்று, பூச்சாடி ஒன்று, இது ஒன்று. உழைப்பைப் பற்றியது, கௌரவமானது, விலையும் கூடுதல் என்று பார்த்துப் பார்த்து எடுத்து வந்திருக்கிறாள். முப்பத்தைந்து வருடம் பாரம் சுமந்தவளுக்குப் பாரம் இழுப்பவர்களின் படம். அந்தக் குழுவில் ஒன்பது பேர். ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

நன்றி சொல்வதற்காக அவர்களே எழுதிக் கொடுத்திருந்த தாள் மார்ஃபாவின் கையில் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"வீட்டு உத்தரவு எங்கே?" என்று கேட்டாள்.

"இப்போ எதுக்கு அந்தப் பேச்சு? சந்தோஷமான நாள்ல..." என்றார் சுபாரெவ்.

"எங்கே?"

கபித்தலீனா குரலைத் தணித்துக்கொண்டாள். "பாருங்க, புதுக் கட்டடம் வேலையில இருக்கறவங்களுக்குன்னு மேலேயிருந்து சொல்லிட்டாங்க. ஓய்வு வாங்கினவங்களுக்கு வேற பட்டியல். அதுல உங்க பேரை முதல்லயே போட்டாச்சு."

"அந்தப் பட்டியலுக்கு வீடு எப்போ?"

"அடுத்த அஞ்சாண்டுத் திட்டத்துல."

மார்ஃபா தாளை உப்பு மீன் தட்டில் வைத்தாள். படத்தைத் தனியாகவே தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே போனாள். கைகொடுக்க வந்த யெவ்சேயைப் பார்த்து, "இத்தனை வருஷமா தூக்காதவன் இன்னிக்கு எதுக்குடா வர்றே?" என்றாள்.

கொட்டடியில் படத்தை அடுப்புக்கு எதிரே சாய்த்துவைத்து, கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். அவள் படித்தது நாலு வகுப்பு. அப்போது பாடப்புத்தகத்தில் இந்தப் படம் தீப்பெட்டி அளவுக்கு இருந்தது, மூஞ்சி எது கால் எது என்று தெரியாது. இப்போது எல்லாம் தெரிந்தது. பட்டையை எங்கே மாட்டினால் மார்புக்கு மேல் தோல் உரியும் என்று அவளுக்குத் தெரியும். படத்திலும் அங்கேதான் மாட்டியிருந்தது. நடுவில் ஓர் இளவட்டம் பட்டையை ஏற்றிவிட்டுக்கொண்டு தலையை நிமிர்த்தியிருந்தான். அவளும் முதல் வருடம் அப்படித்தான் நிமிர்த்திப் பார்த்தாள். அப்புறம் வலது பக்கத்தில், வெகு தூரத்தில், கொஞ்சம் புகை. பக்கத்தில் போய்ப் பார்த்தாள். நீராவிக் கப்பல்!

"லூஷா, இங்க வா" என்று கத்தினாள். "இதைப் பாருடி. மிஷின் அப்பவே வந்துடுச்சு. மிஷின் அந்தாண்ட போய்ட்டிருக்கு, மனுஷங்களை இந்தாண்ட இழுக்க விட்டிருக்கானுங்க!"

"நம்ம கொட்டகையிலயும்தான் இருக்கு" என்றாள் லூஷா.

அன்றைக்கு மார்ஃபா அழவில்லை. அழுதிருந்தால் ஆறியிருக்கும். அவளுக்கு ஆற வேண்டாம் என்று இருந்தது.

டிசம்பரில் புதுக் கட்டடத்துக்கு ஆட்கள் குடிவந்தார்கள். மார்ஃபாவின் முறைக்கு வரவேண்டிய பதினாலாம் எண் வீடு சுபாரெவின் அக்கா மகனுக்குப் போனது. கல்யாணமாகி நாலு மாதம், வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்ஃபா படத்தைத் தூக்கிக்கொண்டு அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறினாள். பதினாலாம் எண் கதவுக்கு நேர் எதிரே, படிக்கட்டுச் சுவரில், இரண்டு தண்டவாள ஆணியை ஆணிக்கு இரண்டு அடியில் இறக்கினாள். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து இளம்பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள். தலையில் துண்டு சுற்றியிருந்தாள். குளித்துவிட்டு வந்திருக்கிறாள், உடம்பிலிருந்து ஆவி பறந்தது.

"யாரும்மா நீங்க? என்ன பண்றீங்க?"

"பரிசு குடுத்தாங்க. என் வீட்டுக்கு எதிர்ல மாட்டுறேன்" என்றாள் மார்ஃபா. படத்தைக் கோணலில்லாமல் சரிசெய்துவிட்டு இறங்கிப்போனாள்.

மறுநாளே சுபாரெவ் யெவ்சேயைக் கூப்பிட்டு அதைக் கழற்றச் சொன்னார்.

"கழட்டிடறேன் தலைவரே. எதுக்குன்னு ஒரு தாள்ல எழுதித் தாங்க" என்றான் யெவ்சேய்.

"எதுக்குத் தாள்? நான் சொல்றேன், கழட்டு."

"அது சங்கத்துப் பரிசு, தகடு இருக்கு. பள்ளிக்கூடப் புஸ்தகத்துல இருக்கிற படம். ஜார் காலத்துல ஜனங்களை எப்படி வதைச்சாங்கன்னு காட்டுது. அதை ஏன்டா எடுத்தேன்னு யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?"

சுபாரெவ் பேனாவை எடுத்தார். அசிங்கமாக இருக்கிறது என்று எழுதினால், எது அசிங்கம் என்று கேட்பார்கள். யாரையோ குத்திக்காட்டுகிறது என்று எழுதினால், யாரை என்று கேட்பார்கள். பேனாவை வைத்துவிட்டார். யெவ்சேய் வெளியே வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஏதோ ஒரு முனையைப் பிடித்துவிட்ட திருப்தியோடு சிகரெட் பற்றவைத்தான்.

குளிர்காலம் போனது. படம் இருந்தது. படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்கள் அங்கே வந்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். பிப்ரவரியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை, படம் பார்த்துக் கட்டுரை எழுதும் பாடத்துக்காக, முப்பது பிள்ளைகளையும் நோட்டுப் புத்தகத்தோடு அங்கேயே கூட்டிவந்துவிட்டாள். ஊரில் இவ்வளவு பெரிய, இவ்வளவு தெளிவான அச்சு வேறெங்கும் இல்லை என்பது அவள் சொன்ன காரணம். அவள் அம்மாவும் பாதைக் கோஷ்டியில் இருந்து முதுகு ஒடிந்தவள் என்பதை அவள் சொல்லவில்லை. பிள்ளைகள் படிகளில் உட்கார்ந்து எழுதினார்கள். வழக்கம்போல் நல்ல கட்டுரைகளைப் பள்ளிச் சுவரொட்டிப் பத்திரிகையில் ஒட்டினார்கள். அதில் ஒரு சிறுமி எழுதியிருந்தாள்: "படத்தில் இருப்பவர்கள் மிகவும் களைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு எதிரே ஒரு கதவு இருக்கிறது. அந்த வீட்டில் குளியலறை இருக்கிறது. ஆனால் அவர்கள் உள்ளே போக முடியாது." அதற்கு ஆசிரியை முழு மதிப்பெண் போட்டிருந்தாள்.

ஏப்ரலில் கபித்தலீனா கொட்டடிக்கு வந்தாள். சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ள, மூச்சு வாங்க நின்றாள். மே தினத்துக்கு வட்டாரத்திலிருந்து பெரியவர்கள் வந்து புதுக் கட்டடத்தைப் பார்வையிடப்போகிறார்கள்.

"மார்ஃபா தெரென்தியெவ்னா, உங்களுக்கு வீடு குடுக்கறதுன்னு முடிவாயிடுச்சு. மூணாவது மாடி, இருபத்திரண்டாம் எண். ஆனா முதல்ல அந்தப் படத்தை நீங்களே எடுத்துடணும்."

"முதல்ல சாவி."

"எடுப்பீங்கன்னு எனக்கு வாக்குக் குடுங்க."

"குடுக்குறேன்" என்றாள் மார்ஃபா. ஆனால் முத்திரை குத்திய உத்தரவைக் கையில் வாங்கி, லூஷாவை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கோட்டை மாட்டினாள்.

மூன்று பேரும் மூன்றாம் மாடிக்கு ஏறினார்கள். கபித்தலீனா கதவைத் திறந்தாள். காலி அறை, சுத்தமான ஜன்னல், வார்னிஷ் வாசனை. யாரும் குடியிருந்த தடயமே இல்லை.

"இதுல முன்னாடி யாரு இருந்தா?" என்று கேட்டாள் மார்ஃபா.

"யாரும் இல்ல. அவசரத்துக்குன்னு ஒண்ணு கையில வெச்சிருந்தோம். ரிசர்வு."

"டிசம்பர்லேர்ந்தா?"

"ஆமா, கட்டடம் முடிஞ்சதுலேர்ந்து."

மார்ஃபா குளியலறைக்குள் போனாள். குழாயைத் திருகினாள். முதலில் இருமியது, பிறகு பழுப்பாக வந்தது, பிறகு தெளிந்தது. கையை நீட்டினாள். சுட்டது. முழங்கை வரை நீட்டினாள். ஆவி எழுந்து கண்ணாடியில் படிந்தது.

கபித்தலீனா வாசலில் நின்று சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். இப்படிப்பட்ட நேரத்தில் பெண்கள் அழுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள், சங்கத்தை வாழ்த்துவார்கள். அவள் அதையெல்லாம் நிறையப் பார்த்தவள்.

மார்ஃபா திரும்பினாள். முகம் செக்கச்செவேலென்று இருந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள். "ஒரு திருகுதானா? இந்தக் குளிர்காலம் பூரா நான் பனியை உடைச்சு உருக்கிட்டிருந்தேன், இவ முதுகுல புண்ணு வெச்சுச் சீழ் பிடிச்சுக் கிடந்தா, இந்தத் தண்ணி இங்க சுவத்துக்குள்ள சுட்டுக்கிட்டே சும்மா நின்னுதா? யாரும் இல்லாத வீட்டுல?"

"பழசெல்லாம் எதுக்கு? இப்போ கிடைச்சுதே..."

"கிடைக்கல. கையில வெச்சுக்கிட்டே குடுக்காம இருந்திருக்கீங்க! வீடு இல்லாம இல்ல. வெந்நி இல்லாம இல்ல. நீங்க ஒரு கையெழுத்துப் போடல, அவ்வளவுதான். பதினெட்டு வருஷமா நான் வீடு இன்னும் கட்டலைன்னு நினைச்சு நின்னேன்!"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் வீணாகிறது என்று சொல்லக் கபித்தலீனா வாயைத் திறந்தாள், மார்ஃபாவின் கையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"லூஷா, சட்டையைக் கழட்டிட்டுத் தொட்டில இறங்கு" என்றாள் மார்ஃபா.

"இப்பவா? இவங்க முன்னாடியா?"

"இப்பவேதான். இவங்களும் பாக்கட்டும்."

லூஷா ஒரு நிமிடம் தயங்கிவிட்டுச் சட்டையைக் கழற்றினாள். கழுத்திலிருந்து இடது தோள்பட்டை வரை தோல் கறுத்து, வெடித்து, பாதி ஆறிய புண்களோடு இருந்தது. கபித்தலீனா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரி, நான் கிளம்புறேன்" என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடியே. "போற வழியில அந்தப் படத்தை எடுத்துடலாம், நானே பிடிச்சுக்கறேன். வாங்க."

"லூஷாவுக்கு எப்போ வீடு?"

"அவங்க வரிசையில இருக்காங்க. முப்பத்தொண்ணாவது இடம்."

"அப்போ படம் அங்கேயே இருக்கட்டும்."

"மார்ஃபா தெரென்தியெவ்னா! எடுக்கறேன்னு வாக்குக் குடுத்தீங்க!"

மார்ஃபா லூஷாவின் முதுகில் வெந்நீரை மொண்டு ஊற்றினாள். கையால் மெல்லத் தேய்த்தாள்.

"குடுத்தேன். நீங்களும்தான் குடுத்தீங்க."